பந்தலுக்கு அடியில் நுழைகிற டிராக்டர்

கம்பம்
14 டிசம்பர் 2025

அன்புள்ள மாப்ளே,

ஆடியில் நீ கேட்ட கேள்விக்கு மார்கழி பிறக்கப் போகும் நேரத்தில் பதில் எழுதுகிறேன். நீ கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

"சின்ன டிராக்டரில் எதுடா நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். போன வாரம்தான் என் வீட்டுக்கு வண்டி வந்து சேர்ந்தது. மகேந்திரா ஜீவோ 245. 24 எச்பி, 4 வீல் டிரைவ். இதைப் படித்ததும் "அப்போ நானும் அதையே எடுத்துவிடுகிறேன்" என்று கிளம்பிவிடாதே. பத்தாம் வகுப்பில் என் கணக்குப் பேப்பரைப் பார்த்து எழுதி நீ வாங்கிய மார்க்கை மறந்திருக்க மாட்டாய். அன்றைக்கும் நம் இருவருக்கும் கேள்வித்தாள் வேறு வேறு. இன்றைக்கும் அப்படித்தான்.

முதலில் என் கதையைச் சொல்கிறேன். என்னிடம் பழைய சின்ன டிராக்டர் ஒன்று இருந்தது அல்லவா, செகண்ட்ஹேண்டில் வாங்கியது? எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. போன வருடம் ஐப்பசி மழையில், பன்னீர் திராட்சை பூவெடுக்கிற சமயத்தில், அதில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ஒரு சீல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சீல் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று 23 நாள் போய்விட்டது. திராட்சை உனக்குத் தெரியாது மாப்ளே. மழை விட்டதும் மருந்து அடிக்காவிட்டால் அடிச்சாம்பல் நோய் இலைக்கு அடியில் வெள்ளையாகப் படர்ந்துவிடும். முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மூன்று ஏக்கரை எத்தனை பேர் அடித்து முடிக்க முடியும்? பாதிக் கொத்து பூவிலேயே கருகிப் போனது. சீல் விலை சில நூறு ரூபாய்தான். எனக்குப் போனது ஒரு போகம்.

அதற்கு அப்புறம் நான்கு மாதம் ஒரு ஷோரூம் விடாமல் ஏறி இறங்கினேன். யாரைக் கேட்டாலும் முதலில் எச்பி சொல்கிறார்கள். அந்த எண்ணை நம்பி ஏமாறாதே. அது எஞ்சினின் சக்தி. மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரையும் மருந்தடிக்கிற ஸ்பிரேயரையும் சுழற்றுவது பின்னால் இருக்கிற பிடிஓ, அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகிற தண்டு. அங்கே போய்ச் சேருவதற்குள் கியரும் ஹைட்ராலிக்கும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரே 24 எச்பி என்று எழுதியிருக்கும் இரண்டு வண்டிகளில் பிடிஓ சக்தி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு மாடலையும் ஓட்டிப் பார்த்து, பிடிஓவில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது, எவ்வளவு இழுக்கிறது என்று அறிக்கை தருகிறார்கள். டீலரிடம் அந்த அறிக்கையைக் கேள். பளபளப்பான நோட்டீஸைக் கையில் திணித்தால் வாங்காதே.

மனசைப் பறிகொடுத்தது குபோட்டாவிடம்தான். நியோஸ்டார் பி2441. அதுவும் 24 எச்பிதான், ஆனால் மூன்று சிலிண்டர். ஜீவோவில் இரண்டுதான். ஸ்டார்ட் செய்துவிட்டு மட்கார்டில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வே இல்லாத மாதிரி அவ்வளவு மென்மையாக ஓடுகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறவனின் இடுப்புக்கு அது பெரிய வரம். குபோட்டா 1890இல் ஒசாகாவில் தொடங்கிய கம்பெனி. ஜப்பானில் வயல்கள் துண்டு துண்டாகக் கிடப்பதால் சின்ன வண்டி செய்வதே அவர்களுக்குப் பரம்பரைத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. பெரிய வண்டியைச் சுருக்கிச் செய்ததற்கும், முதலிலிருந்தே சின்னதாக யோசித்துச் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் மண்ணில் இறங்கி ஓட்டினால் தெரிகிறது. எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் அது வளைந்து திரும்பிய அழகை இரண்டு நாள் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் மனைவிக்கே சலித்துவிட்டது.

வி.எஸ்.டி.யையும் பார்த்தேன். நம் அப்பாக்கள் காலத்துப் பவர் டில்லர் ஞாபகம் இருக்கிறதா? அதே கம்பெனிதான். 1967இல் மிட்சுபிஷியோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்தது. 18 எச்பி வண்டிக்கெல்லாம் இன்றும் நல்ல பேர் இருக்கிறது, விலையும் குறைவு. சின்னத் தோட்டத்துக்கு அது போதும் என்பதே என் எண்ணம். எனக்கு ஸ்பிரேயரை இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும், அதனால் விட்டுவிட்டேன். ஜான் டியர் 3028 கனமான, நிதானமான வண்டி. ஆனால் விலை மற்றதை விட லட்ச ரூபாய்க்கு மேல் அதிகம். ஸ்வராஜ் கோட் 11 எச்பிதான். களை எடுக்க, பாத்தி கட்ட அருமை, எனக்குப் பற்றாது. ராஜ்கோட்டில் செய்கிற கேப்டனை வடக்கே கொண்டாடுகிறார்கள். இங்கே எனக்குத் தெரிந்து வைத்திருப்பவர் யாரும் இல்லை.

ஓஜா பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகேந்திரா 2023இல் வெளியிட்டது, ஜப்பான்காரர்களோடு சேர்ந்து வடிவமைத்தது. முன்னே பன்னிரண்டு கியர், பின்னேயும் பன்னிரண்டு. கிளட்சோடு மல்லுக்கட்டாமல் முன்னும் பின்னும் போய் வரலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் புதிது. பத்து வருடம் ஓடிய ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் இன்னும் இல்லையே! இன்னும் ஐந்து வருடம் கழித்து வாங்குகிறவன் அதைத்தான் வாங்குவான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஏன் ஜீவோ? எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் மகேந்திராவிலேயே கை பழகியவர். அவர் பட்டறையில் சீல், பில்டர், கிளட்ச் பிளேட் எல்லாம் அட்டைப் பெட்டியில் அடுக்கியிருக்கும். ஷோரூமுக்குள் நுழைவதற்கு முன்பே அவரிடம் போய், "இரவு எட்டு மணிக்கு வண்டி நின்றால் எந்தக் கம்பெனி வண்டிக்கு வருவீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொன்னார், வாங்கிவிட்டேன். தூக்கும் எடை ஜீவோ, குபோட்டா இரண்டிலும் 750 கிலோதான். விலையும் இரண்டும் ஆறு லட்சத்தை ஒட்டித்தான். எனக்குக் கணக்கைத் தீர்த்தது அந்த 23 நாள்.

உன் ஊரில் இது தலைகீழாக இருக்கலாம். பட்டுக்கோட்டைப் பக்கம் யார் கடையில் பார்ட்ஸ் இருக்கிறது என்பதை நீதான் விசாரிக்க வேண்டும். அதை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உனக்குச் சின்ன டிராக்டர்தான் வேண்டுமா? கஜா புயலில் எல்லாம் சாய்ந்த பிறகு நீ நட்ட தென்னங்கன்றுகளுக்கு இப்போது ஏழு வயசு. 25 அடி இடைவெளியில் 40 எச்பி வண்டியே நுழையும். ஆனால் ஊடே வாழை வைத்திருக்கிறாய், மட்டையும் இன்னும் தாழ்வாகத் தொங்கும். அப்புறம் கீழே இரண்டு ஏக்கர் நெல் வயல் வேறு. களிமண்ணில் சேறடிக்க 24 எச்பியால் முடியும், நான்கடி ரோட்டவேட்டரோடு மெதுவாகத்தான் முடியும். தோப்புக்கு மட்டும் என்றால் சின்னது எடு. வயலுக்கும் சேர்த்து என்றால் சேறடிப்பை வாடகை வண்டிக்கு விட்டுவிட்டு யோசி. இரண்டையும் ஒரே வண்டி செய்யும் என்று எந்த டீலர் சொன்னாலும் உன் வயலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்.

செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வரிக்கு முன் ஐந்து லட்சம் என்றால் 35,000 ரூபாய் மிச்சம். நான் தள்ளிப்போட்டதில் கிடைத்த ஒரே நல்லது இது. மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேள். சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40, அதற்கும் உச்சவரம்பு உண்டு. நிலம் தங்கச்சி பேரில்தானே இருக்கிறது? ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு.

இனி எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. மேலத்தெரு அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், திருவிழாவில் நமக்கு ஜிகர்தண்டா வாங்கித் தருவாரே. புரட்டாசியில் ஸ்பிரேயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து பார்த்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டு பிடிஓ ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டது. பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு ஒன்பது. கையை இழுக்க எங்கே நேரம்? உயிர் பிழைத்தார். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஷாஃப்ட்டுக்கு மேல் போடுகிற பிளாஸ்டிக் உறை உடைந்து வருடக்கணக்காகிவிட்டதாம், யாரும் மாற்றவில்லை. அவரைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே நான் வேட்டி கட்டி வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டேன். நீ எந்தக் கம்பெனி வாங்கினாலும் அந்த உறை இல்லாமல் வண்டியை எடுக்காதே. பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்காதே. இதை எனக்குச் சத்தியம் செய்து கொடு.

அடுத்த கடிதத்தில் இரண்டு அளவு எழுது. தோப்பு வாசலின் அகலம் எத்தனை அடி, தாழ்ந்த மட்டை தரையிலிருந்து எத்தனை அடி. கண்ணால் பார்த்து எழுதாதே, டேப்பை வைத்து அள. தைப்பொங்கல் கழிந்து வந்தாயானால் என் வண்டியைப் பந்தலுக்கு அடியில் ஓட்டிப் பார்க்கலாம், கவாத்து முடிந்து கொடி அப்போது மேலேறியிருக்கும்.

உன்,
மச்சான்