பினாங்கு ஆர்ட் மேப்புல நம்ம பூக்கடைக்கும் ஒரு புள்ளி வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி பிள்ளைங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு பட்டர்வொர்த்துலேருந்து ஃபெரி ஏறி பினாங்குத் தீவுல இருக்கிற ஜார்ஜ் டவுன் போயிருந்தேன். மூத்தவளுக்கு பன்னெண்டு வயசு, எந்நேரமும் நோட்டுல எதையாச்சும் வரைஞ்சிக்கிட்டே இருப்பா, அதான் ஒரு நாள் முழுக்க ஓவியம் சிற்பம்னு சுத்திக் காட்டிடுவோம்னு கெளம்பிட்டோம்.

மொதல்ல லெபோ ஆர்மேனியன்ங்கிற தெரு. நெஜ சைக்கிளையே சுவத்துல பொருத்தி, அக்கா மிதிக்க தம்பி பின்னாடி கட்டிப் பிடிச்சிருக்கிற மாதிரி லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்கு வரைஞ்ச ஓவியம் இருக்கே, அதுக்கு முன்னாடி போட்டோ எடுக்க நல்ல வரிசை. போற வழியெல்லாம் இரும்புக் கம்பியை வளைச்சு செஞ்ச கேலிச்சித்திரம் வேற, அந்தந்த தெருவுல முன்னாடி யாரு இருந்தாங்க, என்ன தொழில் பண்ணாங்கன்னு சொல்ற மாதிரி மொத்தம் 52 செஞ்சு வச்சாங்க. அப்புறம் ஜாலான் குர்துவாராவுல இருக்கிற ஹின் பஸ் டிப்போ. பழைய பஸ் நிறுத்துன எடத்தை 2014லேருந்து கலைக்கூடமா ஆக்கி, ஞாயித்துக்கிழமை சந்தையும் போடுறாங்க. பிள்ளைங்களுக்கு அங்கேருந்து வரவே மனசில்ல. இதெல்லாம் செஞ்சவங்களை நான் மனசார பாராட்டுறேன்.

ஆனா ஒரு எடத்துல, எங்கெங்க என்ன கலை பார்க்கலாம்னு காட்டுற ஆர்ட் மேப்பைக் கையில குடுத்தாங்க, அதை விரிச்சுப் பார்த்தா, நம்ம ஆளுங்க கடைத்தெருவான லிட்டில் இந்தியாவுக்கு ஒரு வாழை இலை படம் மட்டும்தான் போட்டிருக்கு. எனக்கு ரொம்ப கஷ்டமாப் போச்சுங்க. சாப்பிட்டுட்டு கெளம்புற எடம் மட்டுமா அது?

நேரா லிட்டில் இந்தியாவுல இருக்கிற லெபோ குவீன் தெருவுக்கு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன். 1833ல கட்டுன மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து மூத்தவ வரைய ஆரம்பிச்சிட்டா. அங்கேருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பூக்கடை, ஒரு அக்கா ஸ்டூல்ல உக்காந்து மல்லி கட்டிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பூ காம்பு இந்தப் பக்கம், ரெண்டு பூ காம்பு அந்தப் பக்கம், நூலை ஒரு சுத்து சுத்தி விரல்லேயே முடிச்சு விழுது, கண்ணு பூவைப் பார்க்கவே இல்ல, வாடிக்கையாளர்கிட்ட பேசிக்கிட்டே ஒரு முழம் முடிஞ்சிருச்சு. பிள்ளை கேட்டுச்சுன்னு அவங்களும் பக்கத்துல உக்கார வச்சு கத்துக் குடுத்தாங்க, இறுக்குனா காம்பு அறுந்துடுது, தளர்த்துனா பூ கொட்டிடுது. அரை மணி நேரத்துல ஒரு சாண்தான் கட்டுனா, அதுலயும் பாதி கோணல். "விரலு பழகணும் கண்ணு, நான் ஒம்போது வயசுல ஒக்காந்தேன்"னு அந்த அக்கா சிரிச்சாங்க.

ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா இதே ஊரு சுவத்துல ஒரு இந்தியப் படகோட்டியை வரைஞ்சாங்க, அது ஆர்ட்னு எல்லாரும் தேடிப் போய் பார்த்தாங்க. உசுரோட உக்காந்து வேலை செய்ற நம்ம ஆளுங்களைப் பார்க்கச் சொல்லி மேப்புல ஒரு புள்ளி கூட இல்ல. 1894ல காரைக்குடியிலேருந்து கப்பல்ல வந்த வெள்ளி ரதம் தைப்பூசத்துக்குத் தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போறப்ப கூட்டம் அலைமோதுது, அந்த மாதிரி கைவேலையை மத்த நாள்ல யாரு நெனைச்சுப் பார்க்கிறாங்க? பழைய கட்டடங்களுக்கு வாடகையை ஏத்த விடாம வச்சிருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2000ல எடுத்த பிறகு வாடகை கட்ட முடியாம பழைய தொழில்காரங்க நெறைய பேரு டவுனை விட்டே போயிட்டாங்க, 2008ல ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்ததும் கடைவீடுங்க வெலை இன்னும் ஏறிப் போச்சு. மிச்சம் இருக்கிறவங்களும் போறதுக்குள்ள ஏதாச்சும் செய்யணும்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த தடவை மேப் அச்சடிக்கிறப்ப பூக்கட்டுறவங்க, நகை செய்றவங்க கடையையும் சேருங்க, அவங்க சம்மதம் கேட்டு. வருஷா வருஷம் ஜூலை 7 பாரம்பரிய நாளுக்கு அவங்களைக் கூப்பிட்டு, நாள் கூலி குடுத்து, பிள்ளைங்களுக்கு சொல்லித் தர ஒரு மேசை போடுங்க. பினாங்கு தமிழ்ப்பள்ளி ஆசிரியருங்களும் கலைக்கல்வி பாடத்துக்கு ஒரு நாள் லிட்டில் இந்தியாவுக்கு பஸ் புடிங்க. உங்க பத்திரிகையும் ஞாயிறு பதிப்புல வாரம் ஒரு கைத்தொழில்காரரை படத்தோட போட்டீங்கன்னா நல்லா இருக்கும். யாரைப் பார்க்கணும், எந்தக் கடைன்னு கூட்டிட்டுப் போய் காட்ட நான் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்