தடித்த ஸ்டெபிலைசர் பார்: எந்தப் பக்கத்துக்கு, எந்த றோட்டுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் தடித்த ஸ்டெபிலைசர் பார் பூட்டினால் வளைவுகளில் கார் றோட்டை இறுக்கிப் பிடிக்கும் என்று உங்கள் பத்திரிகையின் வாகனப் பக்கத்தில் அண்மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. மாங்குளத்தில் கராச் வைத்திருக்கும் எனக்கு அதன் விளைவு உடனேயே தெரிந்தது. பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பெடியள் வருகிறார்கள். காரில் ஆசை வைத்து, உழைத்த காசைச் சேர்த்து, வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் பாருக்குச் சொல்லிவிட்டு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் குறிப்பு பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாமல் பூட்டினால் காசும் போகும், சில வேளை உயிருக்கும் ஆபத்து வரும்.

ஸ்டெபிலைசர் பார் என்பது இடது சில்லையும் வலது சில்லையும் இணைக்கும், லாட வடிவில் வளைத்த ஒரு ஸ்பிரிங் கம்பி. இரண்டு சில்லும் ஒன்றாக மேலே எழும்பினால் அது புஷ் எனப்படும் றப்பர் பிடிக்குள் சும்மா சுழலும். வளைவில் காரின் உடல் ஒரு பக்கம் சரியும்போதுதான் முறுகி, அந்தச் சரிவை எதிர்க்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். வளைவில் உட்பக்கச் சில்லிலிருந்து வெளிப்பக்கச் சில்லுக்குப் போகும் பாரத்தைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. காரின் நிறை, அதன் பார மையம் இருக்கும் உயரம், சில்லுகளுக்கு இடையிலான அகலம், வளைவை எடுக்கும் வேகம் ஆகியவைதான் அந்தப் பாரத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. எவ்வளவு தடித்த பார் போட்டாலும் அந்த மொத்தம் அநேகமாக மாறாது. அதில் எவ்வளவு முன் சில்லுகளின் பங்கு, எவ்வளவு பின் சில்லுகளின் பங்கு என்பதையே பார் மாற்றுகிறது.

ரயரின் குணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரம் இரண்டு மடங்கானால் ரயரின் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே முன் பாரைத் தடிப்பாக்கினால் முன் வெளிப்பக்க ரயருக்கு வேலை கூடி, முன்பக்கத்தின் மொத்தப் பிடிமானம் குறைகிறது. பின்னுக்குத் தடிப்பாக்கினால் பின்பக்கம் இழக்கிறது. இரண்டையும் ஒரே விகிதத்தில் தடிப்பாக்கினால் கார் குறைவாகச் சரியும், ஸ்டியரிங்குக்குச் சட்டென்று பதில் சொல்லும். ஆனால் முதலில் எந்தப் பக்கம் வழுக்கியதோ அதே பக்கம்தான் திரும்பவும் வழுக்கும்.

புதுக்குடியிருப்புத் தம்பி ஒருவர் தொண்ணூறுகளின் ஹொண்டா இன்ரெக்ரா ஒன்றைக் கண்போல வைத்திருக்கிறார். நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் ஒரு நாளாவது ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் மாமா தடித்த முன் பார் ஒன்றை அனுப்பினார், தம்பியே வீட்டில் பூட்டினார். அடுத்த கிழமை கராச்சுக்கு வந்து, "அண்ணை, இப்ப முன்னையவிட மோசமாப் போகுது, ஏன்?" என்று கேட்டார்.

பக்கத்து அரிசி ஆலைக்காரரிடம் கேட்டு, நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில் வெறும் கான்களை வட்டமாக அடுக்கி, காரை மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக் கூட்டிச் சுற்ற வைத்தேன். குறைந்த வேகத்திலேயே முன் வெளிப்பக்க ரயர் கத்தத் தொடங்கியது. தம்பி ஸ்டியரிங்கை இன்னும் உள்ளே வெட்ட, கார் நேரே கான்களை நோக்கிப் போனது. பின்பக்கம் அசையவேயில்லை. முன் சில்லால் இழுக்கும் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். இழுப்பதும் முன் ரயர், திருப்புவதும் முன் ரயர், எஞ்சினின் நிறையும் அங்கேதான். ஏற்கெனவே களைத்த இடத்தில் தடித்த பார் இன்னும் சுமையை ஏற்றிவிட்டது. (மக்பேர்சன் ஸ்ட்ரட் என்ற வகை சஸ்பென்ஷன் உள்ள சில கார்களில் சரிவு குறைவதால் ரயர் நிமிர்ந்து நின்று, தடித்த முன் பாரே கொஞ்சம் நன்மை தருவதுண்டு. இந்த இன்ரெக்ராவுக்கு முன்னால் இரட்டை விஷ்போன் என்ற வேறு வகை, அதில் அந்த நன்மை சொற்பம்.)

பாரைக் கழற்றி வேர்ணியர் வைத்து அளந்தபோது பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் 3 மில்லிமீற்றர்கூட இல்லை. "இவ்வளவு சின்ன வித்தியாசமா?" என்று தம்பி நம்பவில்லை. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் வலுவுக்கு ஏற்பக் கூடும். உதாரணத்துக்கு, 22 மில்லிமீற்றர் பாரை 25 ஆக்கினால் விட்டம் கூடுவது 14 வீதம் அளவில், விறைப்பு கூடுவதோ ஏறக்குறைய 67 வீதம். பாரின் நுனியைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பிதான் லிங்க்; அதைப் பூட்டும் துளையிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. பாரின் வளைந்த கையின் நீளம் 250 மில்லிமீற்றரில் இருந்து 225 ஆகக் குறையும்படி உள் துளைக்கு மாற்றினால், விறைப்பு ஏறக்குறைய 23 வீதம் கூடும். அதனால்தான் பல துளைகள் உள்ள பாரை வாங்கினால் முதலில் நுனித் துளையில், விறைப்புக் குறைந்த நிலையில் வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

பழைய முன் பாரையே திரும்பப் பூட்டினோம். பூட்டும்போதுதான் உண்மையான நோய் கையில் அகப்பட்டது. ஸ்டெபிலைசர் லிங்கின் பந்து மூட்டை மூடும் றப்பர் கிழிந்து, உள்ளே கிறீஸ் இருந்த இடமெல்லாம் சிவந்த கிரவல் தூசி. விரலால் அசைத்தாலே டொக் டொக்கென்றது. நடுப் புஷ்ஷின் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. அப்படியிருந்தால் வளைவின் தொடக்கத்தில் பார் வேலையே செய்யாது, தளர்வு முடிந்த பிறகு திடீரென்று பிடிக்கும். புது லிங்க், புது புஷ், ரயர் காற்று, அலைன்மென்ற் என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். கடைசி நட்டுகளைக் கார் சில்லில் நின்ற பிறகே இறுக்கினேன். ஒரு பக்கம் ஜக்கில் தூக்கியபடி இறுக்கினால் பார் முறுகியபடியே பூட்டுப்பட்டு, இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் இன்னொரு மாதிரியும் கார் போகும். இவ்வளவுக்குமே மூக்கு ஓடுவது பாதி குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பின் பாரைத் தொட்டோம். அதே மொடலின் உயர் ரகத்தில் இருந்து கழற்றிய சற்றுத் தடித்த பின் பார் ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. அதைப் பூட்டிச் சீமெந்துத் தளத்தில் சுற்றியபோது கார் நான்கு காலிலும் சமமாகச் சாய்ந்து போனது. எக்சிலேற்றரில் காலை இலேசாகத் தளர்த்தினால் மூக்கு உள்ளே வந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

மஸ்டா ரோட்ஸ்டர், ரொயோட்டா 86 மாதிரிப் பின் சில்லால் தள்ளும் கார்களுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. பின் பாரை அளவுக்கு மிஞ்சி விறைப்பாக்கினால் உட்பக்கப் பின் சில்லு இலேசாகி, இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பகிரும் டிஃபரென்ஷியல் சாதாரணமானது என்றால் வளைவை விட்டு வெளியேறும்போது அந்தச் சில்லு வீணே சுழலும். அவற்றுக்கு முன் பாரில் இருந்து யோசிப்பதே வழமை.

இனி எங்களுடைய றோட்டுகளைப் பற்றி. போட்டித் தளத்துக்கு எழுதிய அறிவுரையை வன்னிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஏ-9 வழவழப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை விட்டு உள்ளே இறங்கினால் பல இடங்களில் கிரவல்தான். ஒரு பக்கச் சில்லு குழியில் விழும்போது விறைப்பான பார் அந்த அடியை மற்றப் பக்கத்துக்கும் கடத்தி, காரை இடமும் வலமுமாக ஆட்டும். கிரவலில் ஓடும் ரலி கார்களுக்கு விறைப்புக் குறைந்த பார் போடுவது இதனால்தான். பொலியூரிதேன் புஷ் போட விரும்புகிறவர்கள் எங்களுடைய தூசியை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கன் கிறீஸ் வைத்துப் பூட்டி, இடைக்கிடை கழற்றித் துடைத்துத் திரும்பப் பூசாவிட்டால் அது கீச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் பயமான விஷயம் பின் பாரும் மொட்டை ரயரும் சேருவது. முன் சில்லால் இழுக்கும் காருக்கு நல்ல ரயர் இரண்டையும் முன்னுக்குப் போட்டு, தேய்ந்ததைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. அப்படியான காருக்குத் தடித்த பின் பாரையும் பூட்டி, ஐப்பசியில் முதல் மழை விழுந்து தூசியும் எண்ணெயும் கரைந்த றோட்டில் போகிறார்கள் என்று வையுங்கள். கனகராயன்குளப் பக்கம் இரவில் மாடு குறுக்கே நிற்கிறது. பயத்தில் காலை எடுத்து ஸ்டியரிங்கை வெட்டுகிறார்கள். பாரம் முன்னுக்குப் பாய, பின்பக்கம் பிடிவிட்டுச் சுழன்றுவிடும். அதைத் திருத்தி எடுக்கப் பயிற்சி வேண்டும், இடமும் வேண்டும். இரண்டும் அந்த நேரத்தில் இருக்காது. நல்ல ரயரைப் பின்னுக்குப் போடுங்கள். மழைக் காலத்தில் பின் பாரை விறைப்புக் குறைந்த துளைக்கு மாற்றுங்கள், ஸ்பானர் இருந்தால் சிறிய வேலைதான். ஊருக்குள் 50, வெளியே 70 என்ற வேகத்துக்குள் ஓடும் காருக்கு இந்தப் பாரே தேவையில்லை. வேகமாக ஓடிப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் ஓடிப் பாருங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இந்த இடைவெளியில் பழைய கார்களைத்தான் எங்கள் பெடியள் பாதுகாத்து ஓடினார்கள். இன்று கராச்சுக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் அநேகமானவை இருபது வயதைத் தாண்டியவை. அவற்றுக்குப் பார் பூட்டுமுன் பார் பிடிக்கும் தாங்கிகளில் கறள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடித்த பாரின் இழுவையில் கறள் பிடித்த தாங்கி கிழிந்து வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வாகனப் பக்கத்தை எழுதுபவரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படியான குறிப்பைப் போடும்போது அது முன் சில்லால் இழுக்கும் காருக்கா, பின் சில்லால் தள்ளும் காருக்கா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். லிங்க், புஷ், ரயர் மூன்றையும் பார்த்த பிறகே பார் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தை நம்பிக் காசு செலவழிக்கிற வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கராச் உரிமையாளர் ஒருவர்,
மாங்குளம்.