தேடியதேட்டமும் என் ஆங்கிலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமிழ் மொழிமூலம் சட்டம் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளாமல் சட்ட முதுமாணிப் படிப்புக்குப் போய்க் காசையும் காலத்தையும் வீணாக்குகிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. வெள்ளி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், சனி ஞாயிறு விரிவுரை கேட்டுவிட்டு, திங்கள் விடியத் திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டு சட்டத்தரணி வேலைக்கு நேரே கோட்டுக்குப் போகிறவள். குடும்பச் சட்டம்தான் என் பாடம். ஐயா சொன்னதில் பாதி உண்மை, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு உண்மை என்றால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தை முதன்முதலாக ஆங்கிலத்தில் வாசித்தபோது "இஷ்யூ இல்லாமல் இறந்தால்" என்று ஓரிடத்தில் வந்தது. இஷ்யூ என்றால் பிரச்சினை, அதுதானே எனக்குத் தெரியும்? ஒரு பிரச்சினையும் இல்லாமல் நிம்மதியாகக் கண்ணை மூடியவரின் சொத்துக்கு ஏன் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள் என்று அரை மணித்தியாலம் மண்டையை உடைத்தேன். பிள்ளை இல்லாமல் செத்தவர் என்பதுதான் பொருள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சேவ்" என்ற சொல்லும் அப்படித்தான். அது யாரையும் காப்பாற்றவில்லை, "தவிர" என்று மட்டும் அர்த்தம்.

ஆனால் அடுத்த கிழமை நடந்ததையும் ஐயா கேட்க வேண்டும். வகுப்பில் ஒரு பழைய தீர்ப்பை வாசிக்கச் சொன்னார்கள். நடுவில் "ரெடியரெரம்" என்று ஒரு சொல் வந்தது, நான் அதை ஏதோ லத்தீன் என்று நினைத்து அப்படியே நீட்டி வாசித்துவிட்டேன். குடும்பச் சட்டத்தில் லத்தீனுக்குப் பஞ்சமில்லை, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு வரி தாண்டிய பிறகுதான் உறைத்தது, அது தேடியதேட்டம்! என் அம்மம்மா காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு "இது நானும் அவரும் தேடின தேட்டம்" என்று ஆயிரம் தடவை சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான், கலியாணம் கட்டிய பிறகு சம்பாதித்த சொத்து என்பதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றதால் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. இன்னொரு கரைச்சல், தீர்ப்புக்குத் தீர்ப்பு அதை வேறு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். கணினியில் ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது வராது. முதுசம் (பரம்பரைச் சொத்து), உரிமை (மற்ற உறவினர் வழியாக வரும் சொத்து), ஒற்றி (காணியை அனுபவிக்கக் கொடுத்துக் கடன் வாங்குவது) எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இதற்குக் காரணம் பழையது. தேசவழமை என்கிற எங்கள் யாழ்ப்பாணத் தமிழர் வழக்கங்களை முதலில் எழுத்தில் தொகுத்தது ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்தில் திசாவையாக, அதாவது ஒல்லாந்தரின் நிர்வாக அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்துக் கொடுத்தார், பிறகு அதைத் தமிழில் பெயர்த்து உள்ளூர்த் தமிழ்ப் பெரியவர்களான 12 முதலிமாரிடம் காட்டிச் சரியா என்று கேட்டார்கள். ஆங்கிலேயர் வந்து 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள், பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. அதாவது எங்கள் பாட்டன் பூட்டிகள் தமிழில் சொன்னது ஒல்லாந்தமாகி, திரும்பத் தமிழாகி, ஆங்கிலமாகி, இப்போது என்னிடம் சோதனைக் கேள்வியாக வருகிறது. அதிலும் இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்ற இடத்தில் "மலபார் குடிகள்" என்று போட்டிருக்கிறது. யாரடா இந்த மலபார்காரர் என்று பார்த்தால், நாங்கள்தான்.

கருத்தரங்கு ஒன்றில் சீதனம் பற்றிப் பேச்சு வந்தது. ஆங்கிலத்தில் "டவுரி" என்று எழுதியிருப்பதால், வகுப்பில் பலர் இந்தியாவில் 1961 இல் தடைசெய்த வரதட்சணையைத்தான் மனதில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற காசு, ஒழிக்க வேண்டியது, அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனாலும் எழும்பினேன். தேசவழமையில் சீதனம் பெண்ணுக்குப் பெற்றோர் எழுதிக்கொடுக்கும் சொத்து, அது அவளுடையது, புருஷனுடையது அல்ல என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். காலமும் வினையும் ஒன்றோடொன்று சேரவில்லை, அது எனக்கே கேட்டது. ஆனால் அன்று வகுப்பில் அந்த விஷயம் சரியாகத் தெரிந்திருந்தவள் நான் ஒருத்திதான். (நடைமுறையில் எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற "நன்கொடை" வேறு கதை, அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.)

எனக்குப் பக்கத்தில் இருப்பவர் கண்டிப் பக்கத்துச் சிங்கள மொழிமூலப் பிள்ளை. அவவுக்கும் என் ஆங்கிலம்தான். ஆனால் கண்டியச் சட்டத்தில் தீக, பின்ன கலியாணங்களை, அதாவது பெண் புருஷன் வீட்டுக்குப் போவதா, புருஷன் பெண் வீட்டுக்கு வருவதா என்பதையும், அதனால் தகப்பன் சொத்தில் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதையும், தன் மாமிமாரின் கதையை வைத்தே எனக்கு விளங்கப்படுத்திவிட்டா. பதிலுக்கு நான் முதுசத்தைச் சொல்லிக்கொடுத்தேன். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துக்குப் போனால் அங்கே ஆங்கில வரிகளுக்கு நடுவில் கைக்கூலி (பெண்ணுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணம், பொருள்) என்று பச்சைத் தமிழ்! ஆங்கிலம் தண்ணீர் மாதிரி ஓடுகிற பிள்ளைகள் அன்று எங்களிடம் வந்து கேட்டார்கள்.

ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக்கு இங்கே மூன்றே காரணங்கள், அதில் ஒன்று "மலிஷஸ் டெசேர்ஷன்". வன்மத்தோடு கைவிட்டுப் போவது என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கி மனப்பாடம் செய்தவள் நான். தீர்ப்புகளை ஆங்கிலத்தில் ஊன்றி வாசித்த பிறகுதான் விளங்கியது, அதில் வன்மம் முக்கியமில்லை, நியாயமான காரணமின்றிக் குடும்பத்தை முடித்துக்கொள்ளும் எண்ணம்தான் முக்கியம் என்று. அதைவிட, வீட்டை விட்டுப் போனவரே கைவிட்டவர் என்றும் இல்லை, இருக்க முடியாதபடி செய்து போக வைத்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் அவர்தான் கைவிட்டவர். இந்த நுணுக்கத்தை எனக்குத் தந்தது ஆங்கிலம்தான், நன்றி மறக்கக்கூடாது.

ஆனால் ஆங்கிலம் வேறு, சட்டம் வேறு. ஆய்வுக் கட்டுரையின் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பக்கம் முழுக்கச் சிவப்பு, எல்லாம் கொமாவும் முன்னிடைச்சொல்லும். கடைசியில் "மொழியைச் செம்மைப்படுத்தவும்" என்று ஒரு வரி. நான் எழுப்பிய சட்டக் கேள்விக்கு ஒரு சொல்கூட மறுமொழி இல்லை. அதுதான் வலித்தது.

அந்தக் கேள்வி என்ன என்று கேட்டால், முதலில் சொன்ன 1911 கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவுப்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் 8 ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்தை வாங்கலாம். போரில் காணாமல் போனவரின் மனைவி ஒருவர் என்னிடம் வந்தா. தாய் கொடுத்த சீதனக் காணியை மகளின் படிப்புக்காக விற்க நினைத்திருக்கிறா, நொத்தாரிசு உறுதி எழுத மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். "அவர் எங்க எண்டு தெரிஞ்சா நான் ஏன் தம்பிமாரிட்ட கையேந்துறன்" என்று கேட்டா. கோட்டுக்குப் போய்க் கேட்க ஒரு வழி இருக்கிறது என்பதே அவவுக்குத் தெரியாது, ஏனென்றால் தமிழருக்கான அந்தச் சட்டத்தை எங்கள் ஊரில் தமிழில் விளங்கப்படுத்த ஆளில்லை. இதை எழுதத்தான் நான் படிக்கப் போனேன்.

சட்டக்கல்லூரிச் சோதனைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் பிரமாணம் 2023 இல் பாராளுமன்றத்தில் தோற்றபோது எங்கள் பக்கத்தில் பலருக்கும் சந்தோஷம். சரி, அதற்குப் பிறகு என்ன செய்தோம்? தமிழில் எழுதலாம் என்ற உரிமை இருக்கிறது, வாசிக்கத் தமிழில் தீர்ப்புச் சுருக்கம் எங்கே? ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு தமிழ், மெயின்ரனன்ஸ் என்பதற்கு இங்கே தாபரிப்பு, இந்தியப் புத்தகத்தில் ஜீவனாம்சம், பத்திரிகையில் பராமரிப்புச் செலவு. என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் என் கட்சிக்காரர் வாயில் வந்த தமிழ். அது இல்லாவிட்டால் முதல் வருடத்திலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். கிழமைக்கு அரைப் பத்தி இடம் தாருங்கள். குடும்பச் சட்டத்தில் ஒரு சொல், ஒரு தீர்ப்பு, சாதாரணத் தமிழில். என்னைப் போலப் படிக்கிற நாலைந்து பேர் முறைவைத்து எழுதத் தயாராக இருக்கிறோம், காசு வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா எங்கள் ஆங்கிலத்தைத் திருத்தித் தர முன்வந்தால் அதையும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம், உண்மையாகத்தான் சொல்கிறேன். முதல் பத்தியை 8 ஆம் பிரிவைப் பற்றி எழுதி இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சட்டத்தரணி ஒருவர்,
கிளிநொச்சி