ஓநாய்க்கு யார் வக்காலத்து?

அன்புள்ள செல்வத்துக்கு,

மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாங்களும் நலம்.

"ஆட்டைத் தின்கிற ஓநாய்க்கு உனக்கென்னடா வக்காலத்து?" என்று கேட்டிருந்தாய். ஆட்டுப்பட்டி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை நீ, கேட்கத்தான் செய்வாய். உண்மையில் என்னை இதற்குள் இழுத்தது ஓநாய்கூட இல்லை; அமெரிக்காவில் இந்த மிச்சிகன் மாநிலத்தின் சட்டமன்றம் செய்த கூத்து.

2012 டிசம்பரில் ஓநாயை வேட்டை விலங்குகள் பட்டியலில் சேர்த்துச் சட்டம் போட்டார்கள். போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்டால் இங்கே ஒரு சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். ஓநாய் வேட்டையை எதிர்த்தவர்கள் கை விறைக்கும் குளிரில் அட்டையும் பேனாவுமாக அலைந்து இரண்டரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். தேவைப்பட்டது சுமார் 1,61,000தான். (பெரிய விலங்குநல அமைப்பு ஒன்றின் பணமும் பின்னால் இருந்தது, அதை மறைப்பானேன்.)

அந்த வாக்கெடுப்பு நடக்கும் முன்பே, 2013 மே மாதம் சட்டமன்றம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. எதை வேட்டையாடலாம் என்று ஆளுநர் நியமிக்கும் ஆணையமே முடிவு செய்துகொள்ளலாமாம். நவம்பரில் வேட்டை தொடங்கியது, இருபதுக்கு மேல் ஓநாய்கள் செத்தன. எதிர்த்தவர்கள் மறுபடியும் தெருவில் இறங்கி அந்தச் சட்டத்துக்கு எதிராகவும் இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். உடனே வேட்டைக்காரர்கள் தரப்பும் கையெழுத்து வாங்கி மூன்றாவது சட்டத்தைக் கொண்டுவர, 2014 ஆகஸ்டில் சட்டமன்றம் அதை அப்படியே நிறைவேற்றியது. அதில் ஆசியக் கெண்டை மீன்களைத் தடுக்க 10 லட்சம் டாலர் ஒதுக்கீடு! ஓநாய்ச் சட்டத்தில் மீனுக்கு என்ன வேலை என்கிறாயா? பணம் ஒதுக்கும் சட்டத்தை வாக்கெடுப்புக்கு விட முடியாது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்; இந்தக் கதையில் அழுதது யார் என்று நீயே சொல்.

நவம்பரில் மக்கள் முதல் இரண்டு சட்டங்களையும் தோற்கடித்தார்கள், இரண்டாவதை 64 சதவீதம் பேர். மூன்றாவது இருந்ததால் அந்த வாக்குக்குச் சட்டப்படி பலன் இல்லை. அடுத்த மாதம் ஓநாய்க்கு மத்திய அரசின் பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்த மத்திய நீதிபதி ஒருவரின் தீர்ப்பால்தான் வேட்டை நின்றது. 2016இல் மூன்றாவது சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே நான்காவது வந்துவிட்டது.

எதிர்த்தரப்பைக் கெட்டவர்கள் என்று தள்ளிவிட மாட்டேன். ஓநாய்கள் இருப்பது மாநிலத்தின் வடக்கே மேல் தீபகற்பம் என்கிற பகுதியில், 600க்கு மேல். வாக்குகள் இருப்பதோ தெற்கே டெட்ராய்ட் பக்கம். கன்றைப் பறிகொடுத்தவனுக்குக் கோபம் வராதா? ஆனால் குழந்தைகள் காப்பகத்தின் பின்புறம் ஓநாய்கள் வந்தன என்று ஒரு மாநில செனட்டர் சட்டமன்றத் தீர்மானத்தில் எழுதியதும், அது அப்படி நடக்கவில்லை என்று தெரிந்து பிறகு அவையிலேயே மன்னிப்புக் கேட்டதும் வேறு ரகம்.

2024இல் அந்த மத்தியப் பாதுகாப்பை நீக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 209க்கு 205 என்று நிறைவேறியது. மேலவையான செனட்டில் நகராமல் காலாவதியானது. அப்படியொரு மசோதா என்றைக்காவது சட்டமானால் இங்கே நான்காவது சட்டம் தயாராக இருக்கிறது. அதனால்தான் இப்போதும் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கால்நடை போனால் மாநிலம் இழப்பீடு தருகிறது. அப்பாவிடம் கேட்டு எழுது: பட்டியில் ஆடு போய்விட்டு, கையில் காசு வந்தால் அவர் சமாதானம் ஆகியிருப்பாரா?

அன்புடன்,
ரவி