கயலுக்கு வீடு பார்க்கும் விஷயமாக

அன்புள்ள முருகேசு,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போடுகிற விஷயமில்லை, அதனால்தான் இந்த மின்னஞ்சல். கயலுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனால் "நம்மாட்கள் நிறைய இருக்கிற ஏரியாவாப் பார்த்து ஒரு ரூம் பிடிச்சுக் கொடு" என்கிறாயே, அங்கேதான் சிக்கல். அப்படி ஒரு ஏரியா உருவாகவே கூடாது என்று இங்கே விதி போட்டு வைத்திருக்கிறார்கள்.

நீ லிட்டில் இந்தியா என்கிற தேக்காவை மனதில் வைத்துக் கேட்கிறாய். தேக்கா நமக்குக் காய்கறி வாங்க, பூ வாங்க, வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போக, அதோடு சரி. குடியிருப்பது தீவு முழுக்க. இங்கே கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேர் அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள், அதில் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனம் எவ்வளவு இருக்கலாம் என்று 1989 மார்ச்சிலிருந்து உச்சவரம்பு உண்டு. சீனர் 87 சதவீதம் வரை, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்த்து 15 (முதலில் 13தான், 2010இல் ஏற்றினார்கள்). பேட்டைக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவான வரம்பு தனியாக. இதைக் கொண்டுவந்தபோது வீடமைப்பைக் கவனித்த அமைச்சர் தனபாலன், நம் தமிழர்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. மலாய்க்காரர்கள் பிடோக், தெம்பனிஸ் பக்கமும் சீனர்கள் ஹவ்காங் பக்கமும் நம்மவர்கள் ஈசூன் பக்கமும் மெல்ல மெல்லச் சேர ஆரம்பித்தார்கள். 1964 இனக் கலவரத்தைப் பார்த்த தலைமுறைதான் அப்போது ஆட்சியில் இருந்தது, பயந்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1822இல் போட்ட நகரத் திட்டம் இதற்கு நேர் தலைகீழ்: ஆற்றுக்குத் தெற்கே சீனர், கம்போங் கிளாமில் மலாய்க்காரரும் அரபுக்காரரும், இந்தியருக்கு சூலியா கம்போங். அன்றைக்குப் பிரித்து வைத்தார்கள், இன்றைக்குக் கலந்து வைக்கிறார்கள், இரண்டும் மேலிருந்து வந்த உத்தரவுதான்.

இதற்கு விலையும் உண்டு, அதைச் சிறுபான்மைதான் அதிகம் கொடுக்கிறது. உன் புளோக்கில் சீனர் கணக்கு நிறைந்துவிட்டது என்று வை, இந்தியனான நீ உன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, ஏனென்றால் விற்றால் அவர்கள் பங்கு கூடிவிடும். பக்கத்து வீட்டுச் சீனர் சீனருக்கே விற்கலாம், அங்கே கணக்கு மாறாது. ஆக உனக்கு வாங்க வருகிற ஆள் குறைவு, விலையும் குறையும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரொம்பத் திண்டாடுகிறவர்களின் வீட்டை அரசே வாங்கிக்கொள்ளும் என்று 2022இல்தான் வழி வைத்தார்கள். இவ்வளவு இருந்தும் நான் இந்த விதியின் பக்கம்தான். லிஃப்டில் பார்த்துத் தலையாட்டுவதற்கு மேல் பழக்கம் வளர்வதில்லை என்பது உண்மை, ஆனால் பள்ளிக்கூடமும் கிளினிக்கும் பஸ் ஸ்டாப்பும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதே, அது சின்ன விஷயமா? சிகாகோவில் 1930களில் கறுப்பர் பகுதிகளை வரைபடத்தில் சிவப்படித்து வீட்டுக்கடன் கிடைக்காமல் செய்தார்கள். இன்னமும் அந்த நகரம் இரண்டாகத்தான் கிடக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிற நம் புதுக்கோட்டை, மன்னார்குடிப் பையன்கள் இந்த 15 சதவீதக் கணக்கிலேயே வரமாட்டார்கள். கட்டுமான வேலைக்கு பெர்மிட்டில் இந்தியாவிலிருந்து வருகிறவர் வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது, துவாஸ் மாதிரி ஓரத்தில் இருக்கும் தங்கும் விடுதிதான். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு விடுதி வரப்போகிறது என்றதும் அங்கே இருந்தவர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 2020 கொரோனாவில் தினமும் வந்த அறிக்கையில் 'சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை' என்று தனித்தனியாகப் போட்டார்கள். அப்போ விடுதியில் இருப்பவர் சமூகம் இல்லையா? இனத்தைக் கலந்துவிட்டு, சம்பளத்தை வைத்துப் பிரித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, கயல் விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றை அறை வாடகைக்கு இந்த இனக் கணக்கெல்லாம் இல்லை, அது வீடு வாங்குகிறவர்களுக்கு. தனியார் அடுக்குமாடிக்கும் (கண்டோ) கிடையாது. காசிருந்தால் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். சாங்கி பிசினஸ் பார்க்கில் அவளுக்கு ஆபீஸ் என்றால் தெம்பனிஸ், சீமெய் பக்கம் பார்க்கலாம், நம்மூர் ஐடி பிள்ளைகள் அங்கே நிறைய. ஆனால் ஏஜென்ட் போனிலேயே "இந்தியரா?" என்று கேட்டுவிட்டு ரூம் போய்விட்டது என்பான், அதற்கு அவளைத் தயார்படுத்திவிடு. சென்னையில் நீ வாடகைக்கு அலைந்தபோது "வெஜ்ஜா?" என்று கேட்டார்களே, அதே ரகம்.

எந்தத் தேதியில் வேலையில் சேர வேண்டும், ஆபீஸ் எங்கே, தினமும் சமைப்பாளா இல்லையா, இந்த மூன்றையும் உடனே எழுது. கடைசிக் கேள்வி எனக்காக இல்லை, 'சமையல் கூடாது' என்று போட்டுத்தான் இங்கே பாதி விளம்பரம் வருகிறது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்