பெரியம்மாவின் ஹாட்யாய் பயணமும் உங்கள் முகநூல் பக்கமும்

கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் அமைச்சுகள், தூதரகங்களின் ஊடகப் பிரிவுகளில் பணியாற்றும் அன்பர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூலை 24, வியாழக்கிழமை சாயங்காலம். செந்தூலில் என் பெரியம்மா வீட்டில் கோயில் மாதர் குழுவினர் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் தென் தாய்லாந்திலுள்ள ஹாட்யாய் நகருக்குப் பேருந்து ஏற வேண்டியவர்கள். முன்பணம் கட்டியாயிற்று, ரிங்கிட்டைக் கொடுத்து அந்நாட்டுப் பணமான பாட் வாங்கியாயிற்று. பெரியம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு காணொலி. இருட்டில் ராக்கெட்டுகள் சீறுகின்றன. "தாய்லாந்து பத்தி எரியுது மக்களே" என்று ஒரு குரல் அலறுகிறது.

"நீ படிச்ச பிள்ளைதானே, சொல்லுய்யா. போலாமா, வேணாமா?"

அன்று தாய்லாந்து, கம்போடியா எல்லையில் சண்டை மூண்டது உண்மைதான். ஆனால் ஹாட்யாய் இருப்பது நம் கெடாவைத் தாண்டியதும். கம்போடிய எல்லை அங்கிருந்து சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். காணொலியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் தோட்டாக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, கணினி விளையாட்டு! சொன்னேன். யாரும் நம்பவில்லை. "எல்லார் குழுவுலயும் வந்திருக்கே?" என்றார் ஓர் அம்மா.

ஓர் அரசு அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் கேள்வி போட்டேன். பெயர் வேண்டாம். பதில் இல்லை. மறுநாள் அதே பக்கத்தில் ரிப்பன் வெட்டும் படம் வந்தது. பயணம் ரத்து, முன்பணமும் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சண்டையின் பாதி நடந்ததே முகநூலில்தான். ஜூன் மாதம் அப்போதைய தாய்லாந்துப் பிரதமர் பேதோங்தார்ன், கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னை "அங்கிள்" என்று அழைத்து, எல்லைத் தகராறு பற்றித் தொலைபேசியில் பேசினார். ஒலிப்பதிவு கசிந்தது. 17 நிமிட முழுப் பதிவையும் ஹுன் சென்னே தம் முகநூலில் ஏற்றினார். ஆகஸ்ட் 29-இல் நீதிமன்றத் தீர்ப்பில் அந்த அம்மையாரின் பதவி போனது. சண்டை தொடங்கிய அன்று, இரு நாட்டுத் தலைவர்களிடமும் பேசிவிட்டதாக நம் பிரதமர் அன்வார் அறிவித்ததும் முகநூலில்தான். ஒரு காலத்தில் முத்திரை வைத்த உறைக்குள் போன சங்கதிகள் இவை.

ஜூலை 28-இல் புத்ராஜெயாவில் சண்டை நிறுத்தம் பேசி முடித்தார்கள். அதையொட்டி ஆகஸ்ட் 7-இல் இங்கே கோலாலம்பூரில் இரு நாட்டுத் தற்காப்புத் தரப்பும் 13 அம்சங்களுக்கு ஒப்புக்கொண்டன. பொய்ச் செய்தி பரப்பக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. துப்பாக்கியை இறக்குவதோடு சேர்த்து வாயையும் அடக்கச் சொன்ன அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். அரசுகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொள்ளலாம். செந்தூல் வரை வந்துவிட்ட பொய்யைத் திருப்பி அனுப்புவது யார் பொறுப்பு? டிசம்பரில் எல்லை மறுபடி வெடித்தது. காணொலிகளும் மறுபடி வந்தன.

நீங்கள் முகநூலையே நம்பி இருப்பதும் எனக்கு உறுத்துகிறது. அது வாடகை வீடு. 2024-இல் ஹமாஸ் தலைவர் ஹனியே கொலை பற்றிய அன்வாரின் பதிவுகளையே முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் நீக்கியது. அரசு விளக்கம் கேட்ட பிறகு, தவறு நேர்ந்துவிட்டதென்று மன்னிப்புக் கேட்டது. பிரதமருக்கே அந்தக் கதி.

அதனால் ஒன்று கேட்கிறேன். பக்கத்து நாட்டில் பிரச்சினை வெடித்தால், மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதும் அதே மணிநேரத்தில், தமிழிலும் மாண்டரினிலும் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புங்கள். கீழே பத்து சின்னம் வரிசையாக நிற்கும் சுவரொட்டி வேண்டாம். அதைப் பெரியம்மா பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த வதந்தி வந்துவிடும். குரல் என்றால் சமைத்துக்கொண்டே கேட்பார். எந்த ஊரில் சண்டை, எந்த ஊருக்குப் போகலாம், யாரை அழைப்பது, இவ்வளவு போதும். அதையே மின்னல் பண்பலை வானொலிக்கும் தமிழ் நாளிதழ்களுக்கும் கொடுங்கள். சம்பந்தப்பட்ட தூதரகமும் அமைச்சும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது. ஒருவர் "போகலாம்" என்றும் மற்றவர் "யோசியுங்கள்" என்றும் சொன்னால், நாங்கள் மூன்றாமவரான யூடியூப்காரரைத்தான் நம்புவோம்.

கேள்வி கேட்பவருக்குப் பதில் எழுத ஓர் ஆளையும் உட்கார வையுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகும்.

மாதர் குழு மறுபடி ஹாட்யாய்க்குப் பணம் சேர்க்கிறது. உங்களில் யாரையாவது தம் புலனக் குழுவில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்கிறார் பெரியம்மா. ஒரே நிபந்தனை: காலை வணக்கப் படம் அனுப்பக்கூடாது. அது ஏற்கெனவே வேண்டிய அளவு வருகிறதாம்.

இப்படிக்கு,
செந்தூல்வாசி ஒருவன்