போன கால் முளைச்சிருச்சான்னு வருஷா வருஷம் பாக்குற போர்டுக்கு

காயம்பட்ட சிப்பாய்ங்களுக்கு ஊன சதவீதம் போடுற டாக்டர்களுக்கும் அந்த ஃபைல்ல கையெழுத்து போடுற ஆபிசர்களுக்கும் வணக்கம்.

கண்ணிவெடில இடது கால் முட்டிக்குக் கீழ போனவன் நான். உங்க முன்னாடி மூணு தடவ வந்து நின்னிருக்கேன், மூணு தடவயும் டேப் வச்சு அளந்தீங்க, பத்து நிமிஷத்துல ஒரு நம்பர் எழுதுனீங்க, அவ்ளோதான். நீங்க கெட்டவங்கன்னு சொல்லல, ஆனா டேப்ல வராத விஷயம் நெறைய இருக்கு.

வெட்டுன காலு அப்படியே இருக்காது சார். மொத வருஷம் முழுக்க சுருங்கிட்டே போகும், காலைல டைட்டா இருக்குற சாக்கெட், அதான் செயற்கைக் கால்ல வெட்டுன காலு நொழையுற கூடு, சாயங்காலம் லொடலொடன்னு ஆடும், நடுவுல ஒரு சாக்ஸ் கூட மாட்டணும், அத விட்டா தோல் உரிஞ்சு புண்ணாகி ஒரு வாரம் கால கழட்டி வச்சுட்டு உக்காரணும். அந்த வாரத்துக்கு எத்தன சதவீதம்? வேலைக்குப் போறவன் யார்ட்ட லீவு கேப்பான்?

அப்பறம் வலி. இல்லாத பெருவிரல் முறுக்கிக்கிட்ட மாதிரி ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பும். "இல்லாத கால் எப்படிங்க வலிக்கும்"னு உங்க டேபிள்லயே ஒருத்தர் சிரிச்சாரு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கை கால் போனவங்கள பாத்து வெயர் மிட்செல்ங்குற டாக்டர் 1871லயே இதுக்கு ‘ஃபேண்டம் லிம்ப்’னு பேர் வச்சுட்டாரு சார். 1990கள்ல மூளைய ஆராய்ச்சி பண்ற நம்ம ராமச்சந்திரன் கண்ணாடி வச்சு வைத்தியம் காட்டுனாரு, இருக்குற கால கண்ணாடில பாத்துட்டே அசைக்கணும், மூளை ரெண்டு காலும் இருக்குன்னு நம்பிக்கும். எனக்கு வலி கொறஞ்சுச்சு, பக்கத்து பெட்காரனுக்கு ஒண்ணும் ஆகல, ஆளாளுக்கு மாறும்.

என்ன எழுப்பி நிக்க வச்சது யாருன்னா, முட்டிக்கு மேல கால் போன ஒரு பழைய ஹவில்தார். வார்டுக்கு வந்தாரு, பேண்ட்ட சுருட்டி காட்டுனாரு, தைரியம் அது இதுன்னு ஒரு வார்த்த பேசல, செயற்கைக் காலுக்கு உள்ள தோல் மேல மாட்டுற லைனர் உறைக்குள்ள காத்து போகாம எப்படி ஏத்துறது, ராத்திரி கைக்கண்ணாடி வச்சு வெட்டுன காலோட அடித்தோல எப்படி பாக்குறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு போயிட்டாரு. இப்ப நான் அதே வேலைய செய்றேன், கூடவே அடிபட்ட பசங்களோட ஃபைலையும் தூக்கிட்டு அலையுறேன்.

1944ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரில குட்மன்ங்குற டாக்டர் என்ன பண்ணாரு? முதுகெலும்பு அடிபட்ட சிப்பாய் எப்படியும் சாவான்னு எல்லாரும் கைய விட்ட காலம் அது, அவரு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வைக்கச் சொன்னாரு, படுக்கைப்புண் வராம ஆட்கள் பொழச்சாங்க. 1948ல அந்த மாதிரி அடிபட்டவங்க 16 பேர வில்லு பிடிக்க வச்சாரு, பாராலிம்பிக்ஸே அங்கருந்துதான் வந்துச்சு. படுத்துக் கெடந்தவன் கஷ்டம் என்னன்னு உக்காந்து பாத்த ஆளு.

கை கால் முழுசா இருக்குறவன் பாடு இன்னும் மோசம். குண்டு அதிர்ச்சில தலை கலங்கினவன், கதவு சத்தத்துக்கு கட்டிலுக்கு அடில போறவன், அவன எங்க அளப்பீங்க? "பாக்க நல்லாத்தான இருக்க"ன்னு எழுதி அனுப்பிடுறீங்க.

கேக்குறது ரெண்டே ரெண்டு. போர்டுல எங்கள மாதிரி அடிபட்டவன் ஒருத்தன உக்கார வைங்க. ஓட்டு கூட வேணாம், கேள்வி கேக்க விட்டா போதும். போன கால் போனதுதான்னு ஃபைல்லயே இருக்கு, அதுக்காக வருஷா வருஷம் கூப்புடறதையும் நிறுத்துங்க.

அடுத்த மாசம் ஒரு பையன கூட்டிட்டு வர்றேன், ரெண்டு காலும் இல்ல. போன தடவ மாதிரி மாடில வைக்காம கீழ் ரூமா பாத்து போடுங்க.